கல்லறை ரொட்டியும் அக்லாயாவின் ஒற்றைக்கண்ணும்

அக்லாயாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ருங்கு கிராமத்தில் சொல்வார்கள். அது தப்பு. மூக்கு நுனியில் இருந்திருந்தால் ஒருநாள் தும்மும்போதாவது கீழே விழுந்திருக்கும். அவளுக்கு அது எலும்பில் இருந்தது. ஐம்பத்துநான்கு வயதில் பள்ளிக்கூட வண்டி ஓட்டினாள். மலை மேலே சிதறிக் கிடக்கும் மூன்று குடியிருப்புகளிலிருந்து பத்தொன்பது பிள்ளைகளைக் காலையில் இறக்கிக் கொண்டுவந்து, மத்தியானம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவாள். போகும்போது ரோட்டைத் திட்டுவாள். ரோடு போடாத ஊர்த்தலைவரைத் திட்டுவாள். ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய்ப் பதினோரு வருடமாக ஒரு ஆரஞ்சுத் தோலைக்கூட அனுப்பாத புருஷனைத் திட்டுவாள். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து புதுப்புது வசவுகளாகக் கற்றுக்கொண்டு போனார்கள். ஆனால் ஒன்று, செய்யாத குற்றத்துக்கு அவள் யாரையும் திட்டியதில்லை. அதில் அவள் கறார்.

ஒற்றைக்கண்ணை வாங்கியதும் கோபத்தில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து வாராவாரம் டீசல் காணாமல் போனது. ஊராட்சி அலுவலகம் அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. அவளையே திருடி என்று சொல்லாமல் சொல்லும் கடிதம். அன்றைக்கே நகரத்துக்கு வண்டியை விட்டாள். மீன்தூண்டிலும் வேட்டைச் சாமானும் விற்கிற கடையில், இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். கடைக்காரன் முதலில் எடுத்து வைத்தது அவளுடைய நான்கு மாதச் சம்பளம். அவள் பார்த்த பார்வையில் அதை உள்ளே வைத்துவிட்டுக் ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கிற, கைக்கடக்கமான கறுப்புக் குழல் ஒன்றை எடுத்தான். அந்த நாட்டுக் காசில் நானூற்று எண்பது லெய்.

"முன்னூறு மீட்டர்ல கொசு பறந்தாலும் காட்டும், அம்மா."

"கொசுவப் பாத்து நான் என்னய்யா பண்ண? திருடனக் காட்டுமா?"

கொசுவைக் காட்டவில்லை. எண்பது அடி வரை நன்றாகக் காட்டும், அதற்கு மேல் எல்லாம் சாம்பல் கஞ்சி. பாட்டரியை ஆடு இலை தின்பதுபோலத் தின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கை முன்னால் பாய்ச்சித்தான் அது பார்க்கும். ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தால் அந்த விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒரே வெள்ளையாக மூஞ்சியில் அறையும். விளக்கு எரியும்போது குழலின் நெற்றியில் சிகரெட் முனைபோல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், எதிரில் இருப்பவன் கண்டுகொள்வான். பொத்தானை அழுத்தினால் படம் பிடித்துக் கீழே தேதியும் போடும், ஆனால் பாட்டரியை மாற்றினால் தேதி மறந்துபோய், அது பிறந்த வருடத்தின் முதல் நாளுக்கே திரும்பிவிடும். இதையெல்லாம் அக்லாயா ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வசவாகச் செலவழித்துக் கற்றாள்.

ஐந்தாம் நாள் ராத்திரி திருடன் வந்தான். வாயில் ரப்பர் குழாயை வைத்து, கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவளுடைய சொந்தத் தங்கை புருஷன் காவ்ரில்! அவன் முதுகில் விளக்குமாறு இரண்டாக ஒடிந்தது. அதோடு டீசல் திருட்டு ஒழிந்தது.

குழலுக்கு வேலை இல்லாமல் போனது. நானூற்று எண்பது லெய் கொடுத்ததைச் சும்மா வைத்திருக்க அவளுக்கு மனசு வருமா? அடுத்த நாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பிளம் தோப்புப் பக்கம் திருப்பினாள். நாய் அளவுகூட இல்லாத ஒரு வளைக்கரடி தன் குண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு, சந்தைக்கு நேரமாகிவிட்ட வியாபாரிபோல ஓடியது. அதற்கு மறுநாள் நரி. அப்புறம் காட்டுப்பன்றிகள். இரண்டாவது இலையுதிர் காலத்தில், ஒரு குட்டியோடு அவள் வந்தாள்.

பெண்கரடி. மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, விழுந்த பிளம் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். குட்டி மரத்தில் ஏறிக் கிளையை ஒடித்துக்கொண்டு விழுந்தது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தின்றுகொண்டே இருந்தாள். அக்லாயா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் மனசுக்குள் யாரையும் திட்டவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படியொரு மணி நேரம் முன்னால் வந்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ருங்குவில் ஒரு கரடி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் வேட்டைச் சங்கத்துக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரிந்தால் நகரத்தில் ஏதோ ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் தோலுக்கு ஆணி அடித்துவிடுவார்கள்.

இந்த வருடம் பிளம் காய்க்கவில்லை. பூ விட்ட நேரத்தில் உறைபனி விழுந்து தோப்பே கருகிவிட்டது. கரடி வரவில்லை. எங்கே போனாளோ என்று அக்லாயாவுக்கு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் கல்லறைத் தோட்டத்தில் ரொட்டி காணாமல் போக ஆரம்பித்தது.

ருங்குவில் செத்தவர்களுக்குச் சோறு கொடுப்பது கைக்குக் கைதான். பின்னல் ரொட்டி, சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை, ஒரு மெழுகுவர்த்தி, இதையெல்லாம் கல்லறைமேல் நீட்டிப் பிடித்து, உயிரோடு இருக்கிற ஒருவன் கையில் வைக்க வேண்டும். வாங்குகிறவன் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் வயிறு நிறைந்தால் அங்கே அவர்கள் வயிறு நிறையும். வாங்க ஆள் இல்லை என்றால் செத்தவர் பட்டினி. அதனால் தோட்டத்து வாசலில் எப்போதும் வாங்குவதற்கு ஆட்கள் இருப்பார்கள். முதல் ஆள் மணியடிக்கிற இலாரியே. குழி வெட்டுகிறவரும் அவர்தான். அறுபத்திரண்டு வயது. தோட்டத்துச் சுவரை ஒட்டிக் கோவிலுக்குச் சொந்தமான ஒற்றை அறையில் குடியிருந்தார். கொஞ்சம் குடிப்பார். மற்றபடி அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

செனோவியா வந்து அந்த வழக்கத்தைக் கெடுத்தாள். இத்தாலியில் பதினான்கு வருடமாகக் கிழவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஊரில் இரண்டு மாடி வீடு கட்டியிருந்தாள், கோவிலுக்குப் புதுத் தகரக்கூரை போட்டுக் கொடுத்திருந்தாள். ஆகஸ்டில் அவள் அம்மா செத்தபோது, அங்கே யாரோ ஒரு கிழவிக்கு ஸ்பூனில் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அதன்பின் அவள் ஊரைவிட்டுப் போகவே இல்லை. வாராவாரம் சனிக்கிழமை ஒரு பை நிறைய ரொட்டியும் கேக்கும் ஒரு சிறு பாட்டில் பிளம் சாராயமும் கொண்டுபோய்க் கல்லறைமேல் வைப்பாள். யார் கையிலும் கொடுக்க மாட்டாள். "எங்கம்மாவுக்குத்தான் கொண்டுவந்தேன், ஊருக்கில்ல" என்பாள். வெளிநாட்டிலிருந்து ஒருநாள் விடுப்பில் வந்துபோகிற மற்றவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. பையை வைத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், காரைக் கிளப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பை கிழிந்து கிடக்கும். ரொட்டி இருக்காது. ஒருமுறை விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. ஒருமுறை மரச்சிலுவை சாய்ந்திருந்தது. வால்நட் இலை முழங்கால் ஆழத்துக்கு உதிர்ந்து கிடந்ததால் காலடித் தடம் எதுவும் தெரியவில்லை.

கடையில் வைத்துத்தான் செனோவியா அதைச் சொன்னாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"எங்கம்மா கல்லறையில வெச்ச ரொட்டிய அந்தக் குடிகாரன் தின்னுட்டான். செத்தவ வாயில இருந்து புடுங்கித் திங்கிறவன் மனுசனா? சாமியார்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை பூசை முடிஞ்சதும் கோவில் குழு கூடுது. மணியும் வேணாம் அவனும் வேணாம். ரூமைக் காலி பண்ணிக்கிட்டுப் போகட்டும்."

ஊர் முழுக்கக் கல்லறைக்குப் போகிற, இறந்தவர்களுக்கான சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. குளிர்காலத்துக்கு நான்கு வாரம்கூட இல்லை.

"நீ பாத்தியா?" என்றாள் அக்லாயா.

"பாக்கணுமாக்கும்? தோட்டத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"செவுரு முட்டி உயரம். அதுக்குச் சாவி வேறயா?"

"நீ ஏன்டி அவனுக்கு வக்காலத்து வாங்குற? புருஷன் இல்லாத வீட்டுக்கு அவன்தான் வெறகு பொளந்து குடுக்கிறானா?"

கடையில் சிரித்தார்கள். அக்லாயா கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பலகையில் ஓங்கி அடித்தாள். பொட்டலம் வெடித்து உப்பு சிதறியது.

"பொளக்கிறாருதான்டி. உங்கம்மாவுக்கும் அவருதான் பொளந்தாரு. நாலு குளிர்காலம். நீ ஊரான் அம்மாவுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தப்ப!"

சிரிப்பு நின்றுவிட்டது. செனோவியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. சொன்ன பிறகு அக்லாயாவுக்கே நாக்கு சுட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உப்புக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே செனோவியா வீம்புக்கு இன்னொரு பை ரொட்டியைக் கொண்டுபோய்க் கல்லறைமேல் வைத்தாள். அன்று ராத்திரி ஒற்றைக்கண்ணையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு போய், கோவில் விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் மனசில் இருந்தது காவ்ரில்தான். டீசல் உறிஞ்சினவன் ரொட்டியை விடுவானா? இன்னொரு விளக்குமாறு ஒடியத் தயாராக இருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு இலை சரசரத்தது. குழலைக் கண்ணில் வைத்தாள். செனோவியாவின் அம்மா கல்லறைமேல் இரண்டு வெள்ளிக் காசுகள்போலக் கண்கள் மின்னின. கரடி ஒரு நகத்தால், தபால் கவரைப் பிரிக்கிற மாதிரி அவ்வளவு பக்குவமாகப் பையைக் கிழித்து ரொட்டியை எடுத்தாள். குட்டி சிலுவையில் சாய்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டது. சிலுவை சாய்ந்தது. அக்லாயாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, வாயைக் கம்பளியால் பொத்திக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள்! குட்டியும் இருக்கிறது! பொத்தானை அழுத்திப் படம் பிடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதைச் சொன்னால் இலாரியே பிழைப்பார், கரடி சாகும். சொல்லாவிட்டால் கரடி பிழைக்கும், அவர் தெருவுக்குப் போவார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எங்கே, பாவம் எங்கே என்று அவள் ஒருத்திக்குத்தான் இப்போது தெரியும்.

அவள் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஊரே பயப்படும் வாய், தேவையான நேரத்தில் பூட்டிக்கொண்டது. வண்டியில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தாள். முதல் முறையாக, காரணம் இல்லாமல். பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் அழுதாள். புதன்கிழமை தோட்டத்து வழியாக வரும்போது, இலாரியே தன் அடுப்புக் குழாயைக் கழற்றி வெளியே வைப்பதைப் பார்த்தாள். சாமான் கட்டுகிறார். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு ஒடிக்க விளக்குமாறு இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கதவைத் தட்டினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிக் குழலை நீட்டினாள். "இதுல படம் இருக்கு, பாருங்க அண்ணே."

இலாரியே குழலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"எப்ப பாத்த?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னிக்கு என்ன கெழம?"

அவள் நீட்டிய குழலை இறக்கினாள்.

"நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போயிருக்க. வண்டியில கையக் காட்டிட்டுப் போற. எனக்கு வயித்துல சோளக்களி எறங்கல, தெரியுமா? கடையில எனக்கு ரொட்டி குடுக்கறதுக்கு முன்னாடி நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறான். ஒரு கரடிக்காக! என்னைவிடக் கரடி ஒனக்கு ஒசத்தியாப் போச்சா?"

"அண்ணே..."

"அண்ணனும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. அது நியாயமான கோபம் என்று அவளுக்குத் தெரிந்ததால், அவளுடைய கோபத்துக்கு முட்டிக்கொள்ளச் சுவர் கிடைக்கவில்லை. அங்கிருந்து நேரே கோவில் சாமியார் எமிலியன் வீட்டுக்குப் போனாள்.

கெட்ட நேரம், அங்கே செனோவியா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அக்லாயா படத்தைக் காட்டினாள். சாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழலுக்குள் பார்த்தார். செனோவியா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"கீழ தேதி போட்டிருக்கு பாருங்க, சாமி. ஜனவரி ஒண்ணு. ஆறு வருசத்துக்கு முன்னாடி. எங்கம்மா உயிரோட இருந்தப்ப அவ கல்லறையில கரடி தின்னுச்சாம்!"

"பாட்டரி மாத்துனா அது தேதிய மறந்துடும்டி, முட்டாளே! விக்கிற வெலைக்கு அதுக்கு அவ்வளவுதான் புத்தி. கல்லறையப் பாரு, உங்கம்மா பேரு தெரியுது!"

"அதுல என்ன தெரியுது? சாம்பல்தான் தெரியுது."

"அப்ப நேர்ல வந்து பாருங்க. சாமி, நீங்க வாங்க. இப்பவே!"

சாமியார் நல்லவர். ஆனால் பயந்த சுபாவம். காரில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வருகிறேன் என்றார். பொறி வைப்பதுபோல, அக்லாயா தன் காசில் ஒரு பின்னல் ரொட்டி வாங்கிச் செனோவியாவின் அம்மா கல்லறைமேல் வைத்தாள். காரைச் சுவரோரம் நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டார்கள். முன்னால் சாமியாரும் அக்லாயாவும், பின்னால் செனோவியா. இரண்டு மணி நேரம் போயிற்று. அப்புறம் இலை சரசரத்தது.

சாமியார் குழலை வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"ஒரே வெள்ளையா இருக்கும்மா. பனியா?"

"கண்ணாடி வழியா பாத்தா அப்படித்தான்! ஜன்னல எறக்குங்க."

"எறக்கினா கரடி உள்ள வந்துராதா?"

"கரடி கேக்கறது ரொட்டி, சாமி. உங்களையில்ல."

விரல் நுழைகிற அளவுக்கு இறக்கினார். குழல் நுழையவில்லை. அக்லாயா அவர் மடிமேல் எட்டிப் பாய்ந்து பொத்தானை அழுத்தி முழுக்க இறக்கினாள். சாமியார் பார்த்தார். பார்த்தபடியே மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து கை நீட்டிச் செனோவியா குழலை வாங்கினாள். வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"சரி. ரொட்டியக் கரடி தின்னுச்சு. சாராய பாட்டிலு எங்க போச்சு? அதையும் கரடி குடிச்சுதா?"

மன்னிப்பு இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அக்லாயா பல்லைக் கடித்தாள். இருந்தாலும் இலாரியே தப்பித்துவிடுவார் என்று நம்பினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமியார் அவள் வண்டியை நிறுத்தினார். ஊர்த்தலைவருக்குச் சொல்ல வேண்டியது தன் கடமையாகப் போயிற்று என்றார். ஊர்த்தலைவர் வேட்டைச் சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். அனுமதி வந்துவிட்டது, சனி ராத்திரி ஒரு ராத்திரிக்கு மட்டும். இரண்டு பேர் துப்பாக்கியோடு மணிக்கூண்டில் இருப்பார்கள்.

"அதனால நாளைக்கு வெக்கிற ரொட்டிய யாரும் எடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க, அக்லாயா. அப்படியே கல்லறையில இருக்கட்டும். வாசனைக்கு வந்துரும்ல."

"செத்தவங்க சோத்த வெச்சுத் தூண்டில் போடுறீங்களா?"

"நானா போடுறேன்? அவங்க..."

"உங்க கோவிலு! உங்க மணிக்கூண்டு! உங்க ஊரு செத்தவங்க!"

அவள் கத்திய கத்தலில் பிள்ளைகள் ஜன்னலில் வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள். "இலாரியே அண்ணன் விசயம் என்னாச்சு?" என்று கேட்டாள். குழு இன்னும் யோசிக்கிறது, பாட்டில் விசயம் ஒன்று இருக்கிறதல்லவா என்றார் சாமியார். ஆக, சொல்லியும் அவர் பிழைக்கவில்லை, கரடியும் பிழைக்கப்போவதில்லை. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை.

அன்று ராத்திரி அவள் மறுபடி இலாரியேவின் கதவைத் தட்டினாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். இலாரியே வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"பாட்டிலு நான்தான் எடுத்தேன்" என்றார். "கிழவி உயிரோட இருந்தப்ப வெறகு பொளந்து முடிச்சா எனக்கு ஒரு கிளாஸ் ஊத்துவா. அதே அளவுதான் எடுத்துக்கிட்டேன்." பிறகு உள்ளே போய்ச் சாமான் கட்டி வைத்திருந்த சாக்குகளில் ஒன்றைத் தரையில் கொட்டிக் காலி செய்தார். "ஒரு வாரமா ரொட்டித் திருடன்னு சொல்றானுங்க. பேரு வாங்கியாச்சு. ஒரு தடவையாவது எடுக்கணும்ல?"

சனிக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்கத் தோட்டத்துக்கு வந்தது. கல்லறைக்குக் கல்லறை மெழுகுவர்த்தி, ரொட்டி, கோதுமைத் தட்டு. வேட்டைக்காரர்களில் ஒருவன் வாசலில் நின்று, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போகும்படி சொல்லிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, இலாரியே சாக்கோடு முதல் கல்லறைக்குப் போனார். ரொட்டியை எடுத்தார், செத்தவர் பெயரைச் சொன்னார், "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார், சாக்கில் போட்டார். அடுத்த கல்லறை. அடுத்தது. அக்லாயா இன்னொரு சாக்கோடு அடுத்த வரிசையில் போனாள். அவள் வாழ்நாளில் வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றதில்லை. கை கூசத்தான் செய்தது.

"ஏய்! என்ன பண்றீங்க?" வேட்டைக்காரன் ஓடிவந்தான்.

"சாப்பாடு வாங்குறோம்" என்றாள் அக்லாயா. "வாங்க ஆளில்லாமதான இத்தன நாளு கெடந்துச்சு? இப்ப ஆள் வந்திருக்கு. ஒனக்கு வேணுமா? கைய நீட்டு. நீட்ட முடியலைன்னா துப்பாக்கியக் கீழ வெச்சிட்டு நீட்டு."

யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். பேராசைக்காரக் கழுதைகள் என்றாள் ஒருத்தி. ஆனால் தடுக்க யாரும் வரவில்லை, ஏனென்றால் தடுப்பதற்கு வழக்கத்தில் இடமில்லை. கல்லறையில் நீட்டிய கைக்கு இல்லை என்று சொன்னால் செத்தவர் பட்டினி. அது எல்லோருக்கும் தாய்ப்பாலோடு வந்தது. ஒரு கிழவர் தன் தட்டைத் தானே எடுத்து இலாரியேயிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்தவளும் நீட்டினாள்.

செனோவியாவின் அம்மா கல்லறைக்கு வந்தார்கள். அவள் ரொட்டிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கல்லறைக்கு முன்னால் நின்றாள்.

"இதத் தொடாத. இது எங்கம்மாவுக்கு."

இலாரியே சாக்கைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். வெறுங்கை. குழி வெட்டிக் காய்த்துப்போன கை. அக்லாயாவுக்கு நாக்கு நுனியில் நூறு வார்த்தை வந்து நின்றது. ஒன்றைக்கூட வெளியே விடாமல் இருந்தது அவள் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை.

ஊரே பார்த்தது. செனோவியா கல்லறையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வரதுக்குள்ள அவ..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. பையைப் பிரித்தாள். ரொட்டியை எடுத்துக் கல்லறைக்கு மேலாக நீட்டி, அவர் கையில் வைத்தாள்.

இலாரியே ரொட்டியைப் பிடித்தபடி நின்றார். வாங்கினவன் வார்த்தை சொன்னால்தான் சேரும். அவர் சொல்லவில்லை. செனோவியா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உங்கம்மாவ கடவுள் மன்னிக்கட்டும்" என்றார் கடைசியில். "ஒன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் கூடிய குழுவில், பாட்டில் பேச்சை யாரோ எடுத்தபோது, அதை விடுங்கள் என்று சொன்னது செனோவியாதான் என்று பிறகு சாமியார் சொன்னார். மன்னிப்பு அப்போதும் கேட்கவில்லை. இலாரியேவின் அறை அவருக்கே இருந்தது.

ரொட்டி மூட்டைகளை அக்லாயா பள்ளிக்கூட வண்டியில் ஏற்றி இலாரியேவோடு நகரத்து முதியோர் விடுதிக்குக் கொண்டுபோனாள். கட்டில் கட்டிலாகப் போய்க் கையில் கொடுத்து வாங்க வைத்தார்கள். யார் பெயருக்கு எந்த ரொட்டி என்று இலாரியேவுக்குத்தான் நினைவிருந்தது, எல்லாக் குழியும் அவர் வெட்டியதல்லவா.

ராத்திரி இருவரும் தோட்டத்துக்கு மேலே சரிவில் படுத்திருந்தார்கள். மணிக்கூண்டில் இரண்டு பேர் சாராயத்தைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் புள்ளி தெரியக் கூடாதென்று அக்லாயா குழலின் விளக்கை அணைத்திருந்தாள். நிலா இருந்ததால் மங்கலாகத் தெரிந்தது. நள்ளிரவுக்குமேல் கரடி வந்தாள். மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் தெரியாத காட்டுப் பக்கத்துச் சுவரருகே வந்து பின்னங்காலில் நின்று மூக்கை நீட்டினாள். மெழுகு வாசனை மட்டும்தான். குட்டி சுவர்மேல் கால் வைத்தது. தாய் அதைக் கழுத்தில் கவ்விக் கீழே இழுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

அக்லாயா குழலை இலாரியேயிடம் நீட்டினாள். இந்தத் தடவை வாங்கினார். மரங்களுக்குள் கரடி மறைகிற வரைக்கும், மறைந்த பிறகும்கூட, கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்தார்.

"இந்த மூஞ்சியவா எம்மூஞ்சின்னானுங்க" என்று முணுமுணுத்தார்.

குழலைத் திருப்பிக் கொடுத்தார். அவளைப் பார்க்காமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒன்னத் திட்டுனதுல பாதி தப்புதான், அக்லாயா. நானா இருந்தாலும் இதப் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். ஆனா நாலு நாளு இல்ல. மறுநாளே சொல்லியிருப்பேன்."

"ஆமா அண்ணே" என்றாள் அவள்.